பூங்காவில் விட்ட முயல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த கிழமை இதழின் வாசகர் பக்கத்தில் வன்கூவர் வாசகர் ஒருவர் எழுதிய அனுபவக் குறிப்பை வாசித்தேன். ஈஸ்ரருக்கு மகளுக்கு வாங்கிக் கொடுத்த முயல் வளர்ந்து, கம்பளத்தையும் மின்வயரையும் கடிக்கத் தொடங்கியதாம். ஒரு ஞாயிறு பின்னேரம் குடும்பமாக ஜெரிகோ கடற்கரைப் பூங்காவுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்களாம். அங்கே ஏற்கனவே முயல்கள் ஓடித் திரிவதால் தங்களுடையதும் தன் இனத்தோடு சுதந்திரமாகச் சேர்ந்துகொண்டது என்று மகிழ்ச்சியோடு முடித்திருந்தார். மகள் கையசைத்து விடைகொடுத்தாள் என்ற வரியில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அவர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. அது தெரிந்ததால்தான் எழுதுகிறேன். ஆனால் அந்த முயலுக்கு அந்தப் பின்னேரத்துக்குப் பிறகு என்ன நடந்திருக்கும் என்பதை யாராவது சொல்ல வேண்டும். அதைப் பார்த்துப் பழகியவள் நான்.

நான் வடமராட்சியில் பிறந்தவள். 1994இல் கனடா வந்தேன். றிச்மண்ட் நகரில் ஒரு களஞ்சியசாலையில் பெட்டிகட்டும் வேலை. எங்கள் கட்டடத்தின் பின்பக்கம் லொறிகள் வந்து நிற்கும் இடம். அதைத் தாண்டிச் சாமான் அடுக்கும் பழைய மரப் பலெற்றுகள் ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடக்கும். அதற்கும் அப்பால் முள்ளு நிறைந்த பிளாக்பெரிப் பற்றை. அந்தப் பலெற்றுகளுக்கு அடியிலும் பற்றைக்குள்ளும் முயல்கள் இருந்தன. பத்து மணித் தேநீர் இடைவேளைக்கு வெளியே வந்தால் நாலைந்து தென்படும். கூட வேலைசெய்யும் பிலிப்பைன்ஸ் பிள்ளைகள் கரட் போடுவார்கள். நான் ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்துப் போடுவேன். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தோம். ரொட்டியும் பாணும் முயலின் குடலைக் கெடுக்கும், கரட்டில் இருக்கிற சீனியும் அதற்குக் கூடாது, மிஞ்சிக் கிடப்பதைத் தின்ன எலியும் ரக்கூனும் வரும் என்பதெல்லாம் அப்போது தெரியாது.

அவை இந்த நாட்டுக் காட்டு முயல்கள் என்றே கனகாலம் நம்பியிருந்தேன். ஒன்று முழுக் கறுப்பு. ஒன்று வெள்ளையில் கறுப்புப் புள்ளி. ஒன்றுக்குக் காது தொங்கிக்கொண்டிருக்கும். காட்டில் பிறந்து வளரும் இனத்துக்கு இப்படி ஆளுக்கொரு நிறம் இருக்காது என்பதைப் பின்னால்தான் ஒருவர் சொல்லித் தந்தார். உலகத்தில் வீட்டில் வளர்க்கும் முயல் எல்லாமே ஐரோப்பிய முயலின் வழிவந்தவை. வடஅமெரிக்கா அவற்றின் மண் அல்ல. எங்கள் பலெற்றுக்குக் கீழே இருந்த ஒவ்வொன்றும், யாரோ காசு கொடுத்து வாங்கி, யாரோ ஒரு பின்னேரம் காரில் கொண்டுவந்து விட்ட முயல். அல்லது அதன் பிள்ளை. அல்லது பேரப்பிள்ளை.

2016 டிசம்பரில் இங்கே வழக்கத்துக்கு மாறாகப் பனி கொட்டியது. வன்கூவர்ப் பக்கத்தில் பனி விழுந்தாலும் இரண்டு நாளில் மழை கரைத்துவிடும். அந்த வருடம் கிழமைக்கணக்கில் கிடந்தது. வீதிக்குப் போடும் உப்புக்கு ஆட்கள் வரிசையில் நின்றது பலருக்கு நினைவிருக்கும். புல்லெல்லாம் பனிக்குக் கீழே போனதும் முயல்கள் பற்றையின் தண்டையும் மரப்பட்டையையும் கரண்டித் தின்னத் தொடங்கின. அந்தக் கிழமைதான், பூச்சி, எலி கட்டுப்படுத்தும் ஆட்கள் வரப்போகிறார்கள் என்று உணவறையில் ஒரு கடதாசி ஒட்டினார்கள். முயல்களும் அதில் அடக்கம்.

எங்களில் யாரோ ஒரு பிள்ளை ஒரு தொண்டுக் குழுவுக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறாள். அடுத்த சனி காலை அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, மடித்துத் திறக்கும் கம்பிவேலித் தட்டுகளும் பூனை கொண்டுபோகும் கூடுகளுமாக வந்து இறங்கினார். "ஓட வேண்டாம், கத்த வேண்டாம், இந்த மூலையில் அசையாமல் நின்றால் போதும்" என்று என்னிடம் சொன்னார். முயலைத் துரத்திப் பிடிக்கக் கூடாது. பயத்திலேயே அதற்கு உயிர் போய்விடலாம். வலைபோட்டால் உதறி உதைக்கும்; அந்தப் பின்னங்கால்களின் வேகத்துக்கு அதன் முதுகெலும்பே முறிந்துவிடும், அவ்வளவு மெல்லிய எலும்பு. ஆகவே கம்பிவேலியைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று பேர் அடிமேல் அடி வைத்துச் சுற்றி நெருங்க வேண்டும். நடுவில் வாழைப்பழத் துண்டும் கொத்தமல்லித் தழையும். முயலுக்கு வாழைப்பழ வாசம் என்றால் உயிர். அன்று நாலு மணித்தியாலத்தில் ஐந்து பிடித்தோம். என் விரல்கள் மரத்துப் போயிருந்தன.

பிடித்ததும் அவருடைய முகம் வாடியது. ஐந்துக்கும் இடமில்லை, நாலுக்குத்தான் இருக்கிறது என்றார். நான் யோசிக்காமல் ஒன்றை நான் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். இங்கே அதை 'ஃபொஸ்டர்' என்பார்கள். நிரந்தர வீடு கிடைக்கும் வரைக்கும் தற்காலிகமாக வைத்துப் பார்த்துக்கொள்வது. இங்கே ஒரு விசயம் சொல்ல வேண்டும்: பிரிட்டிஷ் கொலம்பியாவில் இப்படித் தானாக வாழும் முயல்கள் மாகாண வனவிலங்குச் சட்டத்துக்குள் வருகின்றன. நாம் நினைத்தபடி பிடித்து வைத்திருக்கவோ, வேறு இடத்துக்குக் கொண்டுபோய் விடவோ முடியாது, அனுமதி வேண்டும். அந்தக் குழுவிடம் அனுமதி இருந்தது. நான் அவர்களின் பெயரின்கீழ் வைத்திருந்தேன். இந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு யாரும் தனியாகக் கூடையோடு பூங்காவுக்குப் போக வேண்டாம். உங்கள் ஊர்க் குழுவோடு முதலில் கதையுங்கள்.

எனக்குக் கிடைத்தது அந்த முழுக் கறுப்பு. இடது காதின் நுனி கிழிந்திருந்தது. கறுப்பி என்று பெயர் வைத்தேன். வீட்டுக் குளியலறையில் பழைய துவாய் விரித்து, ஒரு மட்டைப் பெட்டியில் இரண்டு பக்கமும் வாசல் வெட்டி வைத்தேன். ஒரு வாசல் மட்டும் இருந்தால் முயல் அதைப் பொறி என்று நினைக்கும், தப்ப இரண்டாவது வழி வேண்டும் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். கிண்ணத்தில் தண்ணீர், நிறையக் காய்ந்த திமோதிப் புல். முதல் இரவு முழுக்கப் பின்னங்காலால் தரையில் அடித்துக்கொண்டே இருந்தது. டக், டக் என்று. கீழ்வீட்டு மனிதர் கதவைத் தட்டினார். எதிரி வருகிறான் என்று கூட்டத்துக்குச் சொல்லும் அடி அது. கேட்பதற்கு அங்கே கூட்டம் இல்லை.

மூன்றாம் நாள் வேலையால் வந்து கதவைத் திறக்கிறேன், குளியலறை முழுக்கக் கறுப்பு மயிர். நோய் வந்துவிட்டது என்று பயந்துபோனேன். பெட்டிக்குள் பார்த்தால், நெஞ்சு மயிரைத் தானே பிடுங்கி மெத்தை செய்து, அதற்குள் ஆறு குட்டிகள். என் சுண்டுவிரல் அளவு. உடம்பில் மயிர் இல்லை, கண் திறக்கவில்லை.

அன்று இரவு நான் நித்திரை கொள்ளவில்லை. தாய் குட்டிகளிடம் போகவே இல்லை. அறையின் மற்ற மூலையில் போய்ப் படுத்துக்கொண்டது. மறுநாள் காலையும் அப்படியே. ஊரில் ஆடு, மாடு, நாய் எல்லாம் குட்டிபோட்டுப் பார்த்தவள் நான். பிள்ளையை விட்டு விலகிப் படுக்கும் தாயை நான் கண்டதில்லை. ஊட்டும் போத்தல் வாங்க வெளிக்கிட்டுவிட்டேன். நல்லவேளையாக முதலில் அந்த அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் கேட்ட ஒரே கேள்வி: "குட்டிகளின் வயிறு எப்படி இருக்கிறது?" தொட்டுப் பார்த்தேன். சின்னப் பந்து மாதிரி உருண்டிருந்தது. "அப்படியென்றால் அவள் பால் கொடுத்துவிட்டாள், நீங்கள் போய்ப் படுங்கள்" என்றார்.

முயல் தாய் நாளுக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை, அதுவும் சில நிமிடம்தான் பால் கொடுக்கும். பெரும்பாலும் ஆள் அரவம் இல்லாத நேரத்தில். மீதி நேரம் கூட்டுக்குப் பக்கத்தில் வராது. வந்தால் தன் வாசத்தைப் பிடித்து எதிரி கூட்டுக்கு வந்துவிடுவான் என்பதால்தான் விலகியே இருக்கிறது. விலகியிருப்பதுதான் அதன் தாய்மை. அதை அறிந்தபோது அந்த மூலையில் படுத்திருந்த கறுப்பியிடம் நான் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

பத்தாம் நாள் அளவில் கண் திறந்தன. ஒன்று, ஆகச் சிறியது, அதற்கு முன்பே போய்விட்டது. மற்ற ஐந்தும் பிழைத்தன. மூன்றாம் கிழமை துவாய்க்கு மேலே துள்ளித் திரிந்தன. என் பேத்தி வந்தால் குளியலறைத் தரையில் குப்புறப் படுத்துக்கொள்வாள். அவள் முதுகில் ஏறி இறங்குவார்கள். வெளியே பிறந்திருந்தால் மனிதக் கையைக் கண்டதும் ஓடி ஒளியும் முயல்களாக இருந்திருக்கும். அதே தாய், அதே இரத்தம். முதல் சில கிழமைகள் எங்கே கழிகின்றன என்பதில்தான் வித்தியாசம்.

இனி அந்த வாசகர் எழுதிய 'இனத்தோடு சேர்ந்துகொண்டது' என்பதற்கு வருகிறேன். முயல்கள் ஒன்றையொன்று அப்படிச் சேர்த்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் எல்லை உண்டு, மேல் கீழ் உண்டு. புதிதாக வரும் முயலைக் கடித்துக் கலைக்கும். களஞ்சியசாலைக்குப் பின்னால் அந்தக் குழுவில் சேர்ந்து நான் பிடித்தவற்றில் கனக்க முயல்களுக்குக் காதிலும் பின்பக்கத்திலும் பழைய கடிகாயம் இருந்தது. சில காயங்களுக்குள் சீழ் கட்டியிருந்தது. வீட்டில் வளர்ந்த முயலுக்குப் பொந்து எங்கே என்று தெரியாது. எது தின்னலாம், எது தின்னக்கூடாது என்று தெரியாது. வெள்ளைத் தலைக் கழுகும் பருந்தும் ஆந்தையும் அதற்குப் பழக்கமில்லை. கொயோட்டி என்ற ஓநாய்ச் சாதி இந்த நகரத்துக்குள்ளேயே திரிகிறது. கயிறு கட்டாமல் ஓடவிடும் நாய்கள் வேறு. பூங்காவில் விட்ட வீட்டு முயல் சில நேரம் மனிதரைக் கண்டால் ஓடாமல் கிட்ட வரும். அப்படி ஒன்று ஒரு முறை என் சப்பாத்துக்கு மேல் வந்து முன்னங்கால் இரண்டையும் வைத்து நின்றது. மயிர் எல்லாம் உண்ணியும் சொறியும். யாருடைய வீட்டுக் கம்பளத்திலோ ஓடித் திரிந்த முயல் அது. நான் அதைத் தூக்கியபோது முகத்தை என் கைமடிப்புக்குள் செருகிக்கொண்டது.

அப்படிப் பிழைத்துக்கொண்டவை பெருகும். முப்பத்தோரு நாளில் குட்டி. குட்டி போட்ட அன்றோ மறுநாளோ மறுபடி சினைப்படும். அந்தக் குட்டிகள் நாலு ஐந்து மாதத்தில் தாங்களே குட்டி போடும். பிறகு தோட்டக்காரர் முறையிடுவார், விளையாட்டு மைதானத்தில் பொந்து விழும். றிச்மண்ட் நகரம் கடல் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கிற லூலூ தீவில் உள்ளது. சுற்றிவர மண் அணைதான் எங்களைக் காக்கிறது. அணையில் பொந்து தோண்டும் உயிரைப் பற்றி நகரசபை கவலைப்படுவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கவலையின் முடிவில் சாவது முயல். காரில் கொண்டுவந்து விட்டவர் யார் என்று யாருக்கும் தெரியாது. செல்லப்பிராணியைக் கைவிடுவது இங்கே சட்டப்படி குற்றம் என்பதும் கனபேருக்குத் தெரியாது.

விக்ரோறியாப் பல்கலைக்கழகத்தின் கதை தெரிந்தவர்கள் இருக்கலாம். மாணவர்களும் ஊராரும் விட்ட வீட்டு முயல்கள் வளாகத்தில் ஆயிரத்துக்கும் மேல் பெருகிவிட்டன. 2010இல் அவற்றைப் பிடித்துக் கொல்ல நிர்வாகம் முடிவெடுத்தது. எதிர்ப்பு எழுந்து, வழக்கு நீதிமன்றம் வரை போனது. பிறகு, வைத்துப் பராமரிக்க இடமும் அனுமதியும் உள்ளவர்களிடம் கொடுக்கலாம் என்று ஆகி, ஏறக்குறைய 900 முயல்களைப் பிடித்துக் கருத்தடை செய்து அனுப்பினார்கள். சில அந்தப் பல்கலைக்கழகம் இருக்கிற வன்கூவர் தீவிலேயே கூம்ஸ் என்ற ஊருக்குப் போயின. சில ரெக்சாஸ் வரைக்கும் போயின. வீட்டில் வைத்திருக்க முடியாது என்று ஒவ்வொருவரும் விட்ட ஒவ்வொரு முயலுக்காக, முன்பின் தெரியாத ஆட்கள் கூடு செய்து, காசு சேர்த்து, எல்லை கடந்து லொறி ஓட்டினார்கள். 2011இல் வளாகத்தில் முயல் இல்லை. அதற்குள் எத்தனை செத்தன என்பதையும் அந்த ஆட்கள்தான் சுமந்தார்கள்.

பிறகு 2018 வந்தது. பெப்ரவரியில் அதே வன்கூவர் தீவின் நனைமோ நகரில் முயல்கள் கூட்டங்கூட்டமாகச் செத்துக் கிடந்தன. முயல் இரத்தக்கசிவு நோய். மனிதருக்கோ நாய் பூனைக்கோ தொற்றாது, முயலைக் கொன்றுவிடும். சில நாளில் காய்ச்சல், சில நேரம் ஒரு அறிகுறியும் இல்லாமல் திடீர் மரணம், மூக்கில் ஒரு துளி இரத்தம். அடுத்ததாக எங்களுக்குப் பக்கத்திலேயே, ஆற்றுக்கு அந்தப்பக்கம் டெல்ராவின் அனாசிஸ் தீவில் கண்டுபிடித்தார்கள். அந்தக் கிருமி செத்த உடலிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சப்பாத்தில் ஒட்டி வீட்டுக்கு வரும்.

ஒரு திங்கள் காலை பலெற்றுகளுக்குப் பக்கத்தில் மூன்று கிடந்தன. எனக்கு அங்கேயே கால் ஓடவில்லை. வீட்டில் கறுப்பியும் வேறு நாலும் இருந்தன. அன்றிலிருந்து வேலைச் சப்பாத்தைக் காரின் பின்பெட்டியிலேயே வைத்துவிட்டு வேறு போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போவேன். வாசலில் பத்துக்கு ஒன்று என்ற அளவில் பிளீச் கலந்த தட்டு. உடுப்பு மாற்றி, கையை முழங்கை வரை கழுவிய பிறகுதான் முயல் அறைக் கதவில் கை வைப்பேன். அதற்கான தடுப்பூசி அப்போது கனடாவில் விற்பனையில் இல்லை. ஐரோப்பாவிலிருந்து விசேட அனுமதியில் வரவழைத்தார்கள். என் முறை வந்த நாள் ஐந்தையும் ஏற்றிக்கொண்டு மிருக வைத்தியரிடம் போய், ஊசி போட்டுக்கொண்டு வந்து, கார் நிறுத்துமிடத்தில் இருந்து அழுதேன். என்னுடைய ஐந்தும் தப்பின. பலெற்றுக்குக் கீழே இருந்தவற்றில், அந்தக் கோடையில் நான் எண்ணியது இரண்டு.

இவ்வளவும் சொல்லிவிட்டு, அந்த வாசகரின் வீட்டுச் சிக்கலைச் சின்னதாக்க நான் விரும்பவில்லை. முயல் வயரைக் கடிக்கும். அதன் பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கடித்துத் தேய்த்தாக வேண்டும். நாள் முழுக்கத் தின்னக் காய்ந்த புல் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். கடையில் முயலோடு விற்கிற பை உணவு மட்டும் போட்டால் பல்லும் தேயாது, குடலும் நிற்கும். வயரைப் பிளாஸ்டிக் குழாய்க்குள் விடலாம். நாலைந்து மாதத்தில் திடீரென்று முரட்டுத்தனம் பிடித்து, சுவரில் சிறுநீர் அடித்து, கையைக் கடிக்கத் தொடங்கினால் அது பருவம் வந்ததன் அடையாளம். கருத்தடைச் சிகிச்சை செய்தால் சில கிழமைகளில் அடங்கும். பெண் முயலுக்கு அது கருப்பைப் புற்றுநோயிலிருந்தும் காப்பு. ஆண் முயலுக்கு நலமடித்த பிறகும் ஏறக்குறைய ஒரு மாதம் வரை குட்டி உண்டாக்க முடியும், அதுவரை பெண்ணோடு விடக்கூடாது. சிகிச்சைக்கு முன் பூனை நாயைப் போலப் பட்டினி போடவும் கூடாது. முயலால் வாந்தி எடுக்க முடியாது, வயிறு வெறுமையானால்தான் அதற்கு ஆபத்து. இதெல்லாம் முயல் பார்த்துப் பழகிய மிருக வைத்தியருக்குத் தெரியும். எல்லா மிருக வைத்தியருக்கும் தெரியாது, விசாரித்துப் போக வேண்டும். செலவும் சில நூறு டொலர் ஆகும்.

இதில் ஒன்றைக்கூட விற்கிறவர் சொல்வதில்லை. எட்டுப் பத்து வருடம் வாழும் உயிர் என்றும் சொல்வதில்லை. வன்கூவர் நகரசபை 2017இல் செல்லப்பிராணிக் கடைகளில் நாய், பூனையோடு முயல் விற்பதையும் தடைசெய்தது. ஆனாலும் இணைய விளம்பரம் பார்த்து ஒரு வீட்டுப் பின்வளவில் போய் வாங்குவதை யார் தடுப்பது? ஈஸ்ரர் முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் எங்கள் குழுவுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளைக் கேட்டால் தெரியும்.

ரொறன்ரோ, ஸ்காபரோ வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் புல்வெளியில் இளவேனிலில் காணும் சாம்பல் கலந்த மண்ணிற முயல் வேறு. அது அந்த மண்ணுக்கே உரிய பஞ்சுவால் முயல். புல் வெட்டும்போது ஒரு சின்னக் குழியில், மயிருக்குள் மூடிக் குட்டிகள் இருப்பதைக் கண்டு, தாய் இல்லை என்று நினைத்து வீட்டுக்குள் கொண்டுவந்துவிடாதீர்கள். கறுப்பியைப் பற்றி நான் நினைத்த அதே பிழை அது. குழிக்கு மேலே இரண்டு மூன்று நூல்துண்டைக் குறுக்கே போட்டுவிட்டு மறுநாள் காலை பாருங்கள். நூல் விலகியிருந்தால் தாய் வந்து போயிருக்கிறது. மூடி வைத்துவிட்டு, நாயை அந்தப் பக்கம் விடாமல், மூன்று கிழமை புல் வெட்டாமல் இருந்தால் போதும், தாங்களே போய்விடும். நூல் அசையாமல் இருந்தாலோ குட்டிக்குக் காயம் இருந்தாலோ மட்டும் வனவிலங்கு மீட்பு நிலையத்துக்குத் தொலைபேசி எடுங்கள்.

கறுப்பிக்கு நான் நிரந்தர வீடு தேடினேன். இரண்டு குடும்பம் வந்து பார்த்தது. வெளியே பிறந்து வளர்ந்த பெரிய முயல், கைக்குள் வராது, மடியில் இராது. குழந்தைகளுக்கு அது ஏமாற்றம். குட்டிகள் ஐந்தும் போயின, அது தங்கிவிட்டது. ஒரு வருடம் நான் தரையில் உட்கார்ந்து, அதைப் பார்க்காமல், புத்தகம் வாசித்துக்கொண்டிருப்பேன். முதலில் அறையின் மறுகோடியில் இருந்தது. பிறகு கதிரைக்குக் கீழே. ஒரு மழைநாள் பின்னேரம் வந்து என் முழங்காலுக்குப் பக்கத்தில், உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பொத்தென்று விழுந்து படுத்தது. முயல் அப்படிப் படுத்தால் இங்கே பயமில்லை என்று அர்த்தம். எனக்குக் கால் விறைத்துப் போயும் ஒரு மணித்தியாலம் அசையவில்லை. 2023 கார்த்திகையில் அது போனது. அதுவரை அதை யாரும் தூக்கியதில்லை, மிருக வைத்தியரிடம் போகும் நாட்களைத் தவிர.

இதுவரைக்கும் என் கொப்பியில் நாற்பத்துமூன்று முயல்களின் பெயர் இருக்கிறது. எனக்குப் பெரிய வீடு இல்லை. பேஸ்மென்ற்றில் ஒரு அறையும், மூன்று மடிப்பு வேலிகளும், மொத்தமாக வாங்கும் புல்லும்தான். காலையில் தட்டைப் பார்த்துப் புழுக்கையை எண்ணுவேன். பன்னிரண்டு மணித்தியாலமாகப் புழுக்கை இல்லை, தின்னவும் இல்லை என்றால் உடனே வைத்தியர். புதிதாக வந்ததை இரண்டு கிழமை தனியே வைப்பேன். வேலைக்குப் போகிற ஒருவருக்கு இதற்கு மேல் நேரம் தேவைப்படவில்லை. எங்கள் குழுவில் தமிழர் என்று நானும் இன்னொரு பிள்ளையும்தான். அறை வைத்திருக்கிற ஓய்வு பெற்றவர்கள் நம்மிடம் எத்தனை பேர். மூன்று மாதத்துக்கு ஒரு முயலை வைத்திருக்க முன்வந்தால், கூடு, புல், வைத்தியச் செலவு எல்லாம் குழு தரும். நீங்கள் தர வேண்டியது ஓர் அறையும் ஒரு பொறுமையும்.

ஆசிரியர் அவர்களே, அந்த வாசகரின் முகவரி உங்களிடம் இருக்கும். அதை எனக்குத் தர வேண்டாம். இந்தக் கடிதத்தை மட்டும் அவருக்கு அனுப்பிவிடுங்கள். முயலை விட்டு எவ்வளவு நாள் ஆகிறது என்று அவர் எழுதவில்லை. ஒரு மாதத்துக்குள் என்றால் இன்னும் பிடிக்க வாய்ப்பு இருக்கிறது. விட்ட இடத்திலிருந்து அது வெகுதூரம் போயிருக்காது. அதன் நிறம், காது நிமிர்ந்ததா தொங்கலா, எந்த மரத்துக்கு, எந்தக் கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் விட்டார்கள், எந்தச் சாப்பாட்டுப் பையின் சத்தம் கேட்டால் ஓடிவரும் என்பதை மட்டும் உங்கள் வழியாக எனக்குச் சொல்லச் சொல்லுங்கள். மகளும் வரலாம் என்றால் நல்லது. அவளுடைய குரல் அதற்குத் தெரியும். வரும் ஞாயிறு விடியற்காலை ஐந்தரைக்கு நாங்கள் மூன்று பேர் வேலியோடு அங்கே போகிறோம். கொத்தமல்லித் தழை நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
களஞ்சியசாலை ஊழியரான ஒரு வாசகி
றிச்மண்ட், பிரிட்டிஷ் கொலம்பியா